முப்பதாவது தாள்

அன்று மரச்சீனிக் கிழங்குக்குக் காந்தாரி மிளகாய் உடைத்தது என் தங்கை நீது. உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு மரச்சீனி எடுத்து வைத்துக்கொண்டாள். நான்தான் சொன்னேன். நீது சிரித்துவிட்டு எழுந்துபோய் எனக்கு மட்டும் பால் விடாமல் ஒரு கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். ஓணம் விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அது. மூன்று மணிக்கு எங்கள் ஊர் காரோட்டிலிருந்து பஸ் ஏறி அவளை விடுதியில் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு நடந்து வரவில்லை.

கல்லூரி விசாரணைக் குழுவுக்கு நான் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லூரியின் தரப்பில் குறை ஏதும் இல்லை என்று நீங்கள் கோப்பை மூடியதும் தெரியும். தங்கையை இழந்தவள் என்பதால் என்னிடம் நீங்கள் மிக மென்மையாகக் கேட்டீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். சரியான கேள்விகளைக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போது ஒழுங்கு கருதி மீதியை எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இந்தக் கல்லூரியில் ஏழு வருடமாக மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அதே ஏழு வருடமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துவந்தேன். மாணவர்களின் ஆளுமை வகையும் கல்லூரிச் சூழலும் சேர்ந்து அவர்கள் அனுபவத்தை எப்படி உருவாக்குகின்றன என்பது என் தலைப்பு. எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். இயல்பிலேயே ஒதுங்கி இருக்கும் ஒரு பிள்ளையைக் கலகலப்பானவர்களோடு தங்கவைத்தால், ஒரு பருவம் முடிவதற்குள் அது திறந்துகொள்ளுமா, இன்னும் மூடிக்கொள்ளுமா. திறந்துகொள்ளும் என்பது என் கருதுகோள்.

விடுதியில் அறை ஒதுக்கும் பட்டியலை வார்டன் சரசம்மா ஒவ்வொரு வருடமும் என்னிடம்தான் தருவார். அமைதியான பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஒரு குழு தங்களைப் போன்றவர்களுடன் தங்கும். மற்றது பேச்சுக்காரிகளுடன் தங்கும். ஜூலையில் ஒரு வினாத்தாள், அக்டோபரில் அதே வினாத்தாள் மறுபடியும். ஒரு குழுவுக்கு முப்பது பேர் வேண்டும் என்று என் நெறியாளர் சதாசிவன் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது குழுவில் இருபத்தொன்பது பேர்தான் சேர்ந்தார்கள். என் ஆய்வுப் பதிவுக்கான கடைசி நீட்டிப்பு டிசம்பரோடு முடிவதாக இருந்தது.

நீதுவுக்கு அந்த வருடம்தான் பிளஸ் டூ முடிந்திருந்தது. தனுவச்சபுரம் கல்லூரியில் பஸ்ஸில் போய் வந்து படிப்பதாக அவளும் அம்மாவும் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பஸ் பிடிக்கும். முன்வாசலுக்கு அடுத்த ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், இறங்கும்போது கண்டக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்குவாள். அவளுடைய ஒரு நாள் சந்தோஷத்துக்கு அது போதும். ஆலோசகராக இருந்ததால் எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அக்காவாக இருந்ததால் என்றும் சொல்லலாம். அப்பா ஞானசிகாமணி இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. அவளுக்குத் தலை பின்னியதும், பள்ளியில் சேர்த்ததும், ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்ல மேடையேறி நின்று வாய் திறக்காமல் அழுதபோது இறக்கிக் கொண்டுவந்ததும் நான்தான். அவள் விஷயத்தில் எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் கல்லூரியில், எங்கள் விடுதியில் சேர்த்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வீடு இன்னா கெடக்கு. பன்ரெண்டு கிலோமீட்டர். என்னத்துக்கு மக்ளே ஹாஸ்டல்?" என்றாள் அம்மா.

"இப்படியே விட்டா அவ ஒருத்தர்கிட்டயும் மிண்டமாட்டாம்மா."

"மிண்டாட்டா என்ன? எல்லாருங் கெடந்து பேசினா கேக்கதுக்கு ஆளு வேண்டாமா?"

நீது கதவோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். "நீ என்ன பிள்ளே செல்லுத?"

"அக்கா உண்டுல்லா அங்க" என்றாள் நீது. அவ்வளவுதான். அம்மா ஆனந்தபாய் படித்தவள் அல்ல. தொழிலுறுதி என்னும் நூறு நாள் வேலைக்குப் போய், ஓடை வெட்டி, புல் செதுக்கி எங்களை வளர்த்தவள். படித்த மகள் சொன்னால் அதற்கு மேல் அவள் பேசமாட்டாள். விடுதிப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். முப்பது ஆயிற்று.

வளாகத்துக்குள் என்னை மிஸ் என்று கூப்பிடச் சொன்னேன். மற்றவர்களைப் போலவே அவளையும் நடத்த வேண்டும் என்பதற்காக. முதல் வாரம் இரண்டு தடவை மறந்து அக்கா என்றாள். பிறகு மறக்கவில்லை.

அவளுடைய அறையில் வேறு மூன்று பேர். மூவரையும் நான் தேர்ந்தெடுத்தேன். அதில் உதியன்குளங்கரைக்காரி ஜிஜிதான் விடுதியிலேயே பெரிய வாய். அவள் குளிக்கப் போனால் மூன்றாவது மாடிக்குத் தெரியும். வாரம் இரண்டு முறை நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க் குறிப்பெடுப்பேன். நீதுவின் பெயருக்கு நேராக, தனியாக உண்கிறாள், உரையாடலைத் தொடங்குவதில்லை, குழுவில் கடைசியாக நடக்கிறாள் என்றெல்லாம் எழுதினேன். கூட்டம் வடிந்த பிறகுதான் அவள் சாப்பிட வருவாள். அவளுக்காக ஜிஜி ஒரு தட்டில் மீன்பொரியலை எடுத்து மூடி வைத்திருப்பாள். அதை எழுதுவதற்கு என் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

ஒருநாள் ஜிஜியைக் கூப்பிட்டு நீது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவ சூப்பராக்கும் மிஸ்ஸே. நான் செல்லது மொத்தமும் இருந்து கேக்கது இந்தக் காலேஜில அவ ஒருத்திதான். எங்கம்மைகூட பாதியில எந்திச்சு போவா."

"அவள் ஏதாவது பேசுவாளா?"

"பின்னே! நேத்து சிரிச்சா."

நான் அதையும் குறிக்கவில்லை. சிரிப்பு என் அளவுகோலில் வராது.

அக்டோபர் இரண்டாம் தேதி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பக்கத்துப் பஞ்சாயத்துக் குளத்தில் ஆகாயத்தாமரை அள்ளினார்கள். இறங்குபவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு, முந்தின நாளே சுகாதாரப் பணியாளர் வந்து, எலிக்காய்ச்சல், ஊர்ப்பேச்சில் எலிப்பனி, வராமலிருக்க ஆளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஓடை வேலைக்குப் போகும் அம்மாவும் மழைக்காலம் முழுதும் அந்த மாத்திரையைச் சாப்பிடுவாள். நீதுவின் பெயர் பட்டியலில் இல்லை. அவள் கொடுக்கவில்லை. என் இரண்டாவது குழுவில் மற்ற இருபத்தொன்பது பேரும் போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுபவம் கிடைத்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு அவள் பெயரை நான் பேனாவால் கடைசியில் எழுதிச் சேர்த்தேன். மாத்திரையின் நினைவு எனக்கு வந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

குளக்கரையில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். புதுச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது.

"மிஸ், நான் கரையில நிண்ணு சாக்கு பிடிக்கட்டா?"

"எல்லாரும் இறங்கியாச்சு. நீ மட்டும் நிண்ணா எப்படி?"

தண்ணீருக்குள்ளிருந்து ஜிஜி கத்தினாள். "எடி நீது, வா பிள்ளே! முதலை ஒண்ணும் கெடக்கல்ல. தவளையாக்கும். அது ஒன்னெக் கண்டா பயந்து ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீதுவும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். இரண்டு மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கூட்டுச் செயல்பாட்டில் தானாகப் பங்கேற்றாள் என்று குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. திங்கட்கிழமை சரசம்மா என் அறைக்கு வந்தார். அவர் கையில் வெளியே செல்லும் அனுமதிச் சீட்டு இருந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகப் பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும்.

"பிள்ளைக்கு தீரே வய்யா டீச்சரே. அம்மெயப் பாக்கணும்ணு செல்லுது. இதில ஒரு ஒப்பு இட்டா நான் இப்பமே ஆட்டோ பிடிச்சு ஏத்திவிடுவேன்."

இரண்டாவது வினாத்தாள் வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி. அவள் வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு வாரம் விடமாட்டாள். அறுபது பேரும் ஒரே நாளில், ஒரே கூடத்தில் எழுத வேண்டும் என்பது முறை. வீட்டு ஏக்கம் ஒதுங்கிய இயல்புள்ளவர்களுக்கு உடம்பில் வலியாகத் தெரியும் என்பதும் படித்ததுதான். நான் பொய்யாக எதையும் கற்பித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். சரசம்மா கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "ஓ. நீங்க அக்கா அல்லவா" என்றார். சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை இழுப்பறையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் அறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். வெளிச்சம் கண்ணில் படக் கூடாதாம். எழுந்து உட்கார்ந்து, காலைத் தடவிக்கொண்டு, "அக்கா, கெண்டக்காலு ரெண்டும் நோவுது" என்றாள். மிஸ் என்று சொல்ல மறந்துவிட்டாள். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவந்து கிடந்தது. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். உன்னால் முடியும், வெள்ளிக்கிழமை வரை என்றேன். தலையை ஆட்டினாள்.

அன்று மதியம் ஜிஜி என் அறைக்கு ஓடி வந்தாள். கதவைத் தட்டவில்லை.

"மிஸ்ஸே, அது எலிப்பனியாக்கும். எங்க மாமனுக்கு வந்தது. கண்ணு இதுபோல செவக்கும், காலு நோவும். மருந்து குடுத்தா கொறையும். வச்சோண்டிருந்தா…"

"நீ டாக்டரா?"

"இல்ல மிஸ்ஸே."

"அவளுக்கு வீட்டு ஞாபகம். நீங்க எல்லாரும் கூடி நிண்ணு பயமுறுத்தாம கொஞ்சம் தனியா விடுங்க."

ஜிஜி அழ ஆரம்பித்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நான் ஆலோசகர், மேலும் அக்கா. இரண்டையும் மீறி அவள் யாரிடம் போவாள்? அவளை நீங்கள் விசாரித்தபோது, மிஸ்ஸிடம் சொன்னேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாய் என்று நீங்கள் கேட்கவில்லை.

புதன்கிழமை அம்மா எனக்கு ஃபோன் செய்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீதுவைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்றுமில்லை, அக்கா பக்கத்தில் உண்டு என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். சத்தத்தில் ஏதோ குறைவாகப் பட்டிருக்கிறது அம்மாவுக்கு. வேலை செய்யும் இடத்தில் நின்றுதான் பேசினாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"பிள்ளைக்கு பனி உண்டா?"

"லேசா ஜலதோஷம்மா."

"கண்ணு செவந்திருக்கா?"

"இல்லம்மா."

"கெண்டக்காலு நோவுதுண்ணு செல்லுதாளா?"

"இல்லம்மா."

"ஓ. அப்பம் ஒண்ணுமில்ல. நீ பாத்துக்க மக்ளே. நான் வரண்டாமே?"

"வரண்டாம். வெள்ளிக்கிழமை நாங்க வாறோம்."

காய்ச்சல் உண்டா என்றபின் அம்மா கேட்டது இரண்டே கேள்விகள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் பஞ்சாயத்தில் வைத்து ஓடை வேலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு கேள்விகள். சின்ன வயதிலிருந்து எங்களுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் கேட்கும் கேள்விகள். நான் புத்தகத்தில் படித்ததை நம்பினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நீது கெண்டைக்காலைத் தடவியபோதே எனக்குத் தெரியும். மூன்று நாள் தாங்கும் என்று கணக்கிட்டேன். சிலருக்குத் தாங்கும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கருத்தரங்கக் கூடத்துக்கு நீதுவை ஜிஜியும் இன்னொரு பெண்ணும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பத்தொரு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை குறியிட வேண்டும். மற்றவர்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நீதுவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை மேசையில் தலையை வைத்துப் படுத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு வாக்கியத்தையும் விடாமல் நிரப்பிவிட்டு, தாளை என் கையில் தந்து, "போவலாமா அக்கா?" என்று கேட்டாள். முகம் மஞ்சளாக இருந்தது. போகலாம் என்றேன். அறுபது தாளையும் எண்ணிக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. போகும் வழியில் பாறசாலையில் மருத்துவமனையில் காட்டினோம். உடனே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று அங்கே டாக்டர் கேட்டபோது இரண்டு நாள் என்றேன். உங்கள் அறிக்கையிலும் இரண்டு நாள் என்றே இருக்கிறது. ஆறு நாள். சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். அவர்கள் எல்லாம் செய்தார்கள். நான் அங்கேயே நின்று பார்த்தேன்.

அடக்கத்துக்கு ஜிஜி வந்திருந்தாள். சபையார் பாடி முடிக்கும்வரை என்னைப் பார்க்காமல் நின்றாள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ நல்லா சிரிப்பா அம்மச்சி" என்று சொன்னாள். அதை ஏன் தன்னிடம் சொல்கிறாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரியாத செய்தியா அது.

அம்மாவுக்கு ஃபோனில் பேசியது நினைவில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவள் அதைக் கேட்டதில்லை. வருகிறவர்களிடமெல்லாம், மூத்தவள் பக்கத்தில் இருந்ததால் பிள்ளை தனியாகக் கிடந்து கஷ்டப்படவில்லை, அது ஒன்றாவது கர்த்தர் செய்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்பேன். காலையில் எனக்குக் கட்டன்சாயா போட்டுத் தருகிறாள். குடிக்கிறேன்.

ஆய்வேட்டை டிசம்பரில் ஒப்படைத்தேன். அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவிடலாம், இருபத்தொன்பதை வைத்தே சமாளிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று சதாசிவன் சார் சொன்னார். என் மனது கஷ்டப்பட வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் சம்மதிக்கவில்லை. அவ்வளவு சிரமப்பட்டு அவள் நிரப்பியதை வீணாக்க மனம் வரவில்லை.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஜூலைத் தாளில் அவள் பலவற்றில் உறுதியாக இல்லை. பெரும்பாலும் இரண்டும் மூன்றும்தான். அக்டோபரில் பேனா நடுங்கியிருக்கிறது, எண்கள் கூடியிருக்கின்றன. எனக்கு இங்கே நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இரண்டு போட்டிருந்தவள் நான்கு போட்டிருக்கிறாள். பேசாமலிருந்தாலும் என்னை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கும் நான்கு. என் கருதுகோள் சரிதான். அவளை அங்கே சேர்த்ததில் நான் தவறு செய்யவில்லை.

முப்பத்தெட்டாவது வாக்கியத்தில் மட்டும் வித்தியாசம் கிடையாது. எனக்கு ஏதாவது ஆனால் உடனே கவனிக்க இந்த வளாகத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது அந்த வாக்கியம். ஜூலையில் அவள் ஐந்து போட்டிருக்கிறாள். அக்டோபர் பதினேழாம் தேதியும் ஐந்துதான்.